ஒரு நாளில் உங்களுக்கென்று அரை மணித்தியாலம்: யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் அதை எடுப்பது எப்படி – முழுமையான வழிகாட்டி

வீடு, வேலை, பிள்ளைகள், வயதானவர்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தனியே அறை எடுத்து இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் இதை எல்லாரும் சேர்ந்து செய்து பார்க்கத் தொடங்கியதிலிருந்து நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று. ஆட்கள் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். நடைச் சப்பாத்து வாங்குகிறார்கள், யோகாசனப் பாய் வாங்குகிறார்கள், விடிய நாலரைக்கு அலாரம் வைக்கிறார்கள். இரண்டாம் கிழமை பாய் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். பிறகு, "எனக்கு மனத்திடம் காணாது" என்று தங்களையே ஏசிக்கொள்வார்கள்.

மனத்திடத்தை விடுங்கள். வீட்டில் உங்கள் நேரத்தின் ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவருடைய கையில் இருக்கிறது. அந்த ஆளோடு ஒழுங்கு பண்ணாமல் அந்தத் துண்டு உங்களிடம் வராது. அதனால்தான் கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யச் சொல்கிறேன்.

1. தொடங்குமுன் வேண்டியவை

ஒரு பழைய பயிற்சிக் கொப்பி, ஒரு பேனை, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு மணிக்கூடு. வேறொன்றும் வாங்க வேண்டாம். கொப்பி குசினியிலேயே கிடக்கட்டும். அறைக்குள் வைத்தால் எழுதமாட்டீர்கள்.

நல்ல காலம் பார்ப்பதும் முக்கியம். பிள்ளைக்குத் தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று ஏதாவது சோதனை நெருங்குகிற மாதத்தில் தொடங்காதீர்கள். நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் வேண்டாம். அந்த நாட்களில் நீங்கள் பதிகிற கணக்கு உங்கள் வழமையான நாளின் கணக்காக இராது. அதை வைத்து ஒழுங்கு செய்தால் திருவிழா முடிந்ததும் எல்லாம் பிசகிவிடும்.

முக்கியமாக, அந்த நேரத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று இப்போது முடிவெடுக்க வேண்டாம். அது ஒன்பதாம் படி.

2. மூன்று நாள் பதிந்து பாருங்கள்

ஒரு வேலைநாள், ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த மூன்றும் காணும்.

ஏன் இந்த மூன்று? எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை தனிச் சுமை. வீடு கழுவ வேண்டும், மரக்கறிச் சமையல், பின்னேரம் கோயில். ஞாயிறு வேறு மாதிரி: சந்தை, மீனோ இறைச்சியோ, உடுப்புத் தோய்க்கிறது, வெளிநாட்டிலிருந்து வருகிற போன்கள். வேலைநாளை மட்டும் பதிந்தவர்கள் எல்லாரும் முதல் வெள்ளியிலேயே தடுக்கி விழுந்தார்கள்.

வேலை மாறுகிற ஒவ்வொரு முறையும் நேரத்தைப் போட்டு இரண்டு சொல் எழுதுங்கள். பக்கத்தில் ஓர் எழுத்துக் குறி போடுங்கள். நீங்களே கையால் செய்த வேலைக்கு "செ". காத்திருந்த நேரத்துக்கு "கா". மற்றவருக்கு ஞாபகப்படுத்தியதற்கு, எழுப்பியதற்கு, தேடிக் கொடுத்ததற்கு "ஞா".

கோண்டாவில் பக்கத்து ஆசிரியை ஒருவர் தன்னுடைய தாளைக் காட்டினார். அதன் காலைப் பகுதி இப்படி இருந்தது:

4.40 எழும்பினது. 4.45 மோட்டார் போட்டது – செ. 4.50 தேத்தண்ணி – செ. 5.00 தேங்காய் திருவினது – செ. 5.15 புட்டு, சம்பல் – செ. 5.45 மகனை எழுப்பினது – ஞா. 5.50 மோட்டார் நிப்பாட்ட ஓடினது – ஞா. 5.55 மகனைத் திரும்ப எழுப்பினது – ஞா. 6.00 மாமிக்கு மருந்து – செ. 6.05 சப்பாத்து தேடினது – ஞா. 6.10 மூன்றாந்தரம் எழுப்பினது – ஞா. 6.15 இவருக்குக் கண்ணாடி எங்கே என்று சொன்னது – ஞா.

பின்னேரத்தில் ஒரு வரி: 5.30 முதல் 5.55 வரை ரியூசன் வாசலில் நின்றது, வாத்தியார் விடவில்லை – கா.

"சமையல்தான் என்னைத் தின்னுது" என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். தாள் வேறு கதை சொன்னது. சமையல் ஓரிடத்தில் ஒழுங்காக முடிந்திருந்தது. அவரை அலுக்கப் பண்ணியது அந்த "ஞா" வரிசை. அவருக்கு நேரம் கிடந்தது அந்த "கா" வரியில்.

இந்தப் படியில் நடக்கிற பிழைகள் பெரும்பாலும் மூன்று. இரவு படுக்கப்போகும்போது ஞாபகத்திலிருந்து எழுதுவது. அப்போது துண்டு வேலைகள் எல்லாம் மறந்துபோகும். "5 – 7 சமையல்" என்று ஒரே வரியில் எழுதுவது. போன் பார்த்த நேரத்தை எழுதாமல் விடுவது. உங்கள் கொப்பியை யாரும் திருத்தப்போவதில்லை, வெட்கப்படாமல் எழுதுங்கள்.

3. தாளில் தேடவேண்டியது

முதலில் "கா" வரிகள். ரியூசன் வாசல், பஸ் தரிப்பிடம், வங்கி வரிசை, அரிசி வேகிற நேரம். இவை ஏற்கெனவே உங்களுடையவை. யாரையும் கேட்கத் தேவையில்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், 15 நிமிடத்துக்கு மேல் வருகிற காத்திருப்பு இருந்தால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள்.

அடுத்தது "ஞா" வரிகள். இவற்றை நேரக் கணக்கில் பார்த்தால் சிறிது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஆனால் இவை மற்ற வேலையை அறுத்து அறுத்து வருவதால் உட்கார்ந்தாலும் உட்கார்ந்த மாதிரி இராது. ஐந்தாம் படியில் கைமாற்றப்போவது இவற்றைத்தான்.

"செ" வரிகளில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் எடுத்தவுடன் சமையலைக் குறைக்கப் பார்ப்பார்கள். சமையலில் கை வைத்தால் வீட்டில் எல்லாருக்கும் உடனே தெரியும், எதிர்ப்பு வரும், முழுத் திட்டமும் அந்த ஒரு சண்டையோடு முடியும்.

4. முதலில் நித்திரையின் கடன்

தாளில் உங்கள் நித்திரையைக் கூட்டிப் பாருங்கள். வளர்ந்தவருக்குக் குறைந்தது 7 மணித்தியாலம் வேண்டும். ஆறுக்குக் கீழே இருந்தால், கிடைக்கிற முதல் அரை மணித்தியாலம் நடைக்கும் இல்லை, வாசிப்புக்கும் இல்லை. படுக்கைக்குப் போகட்டும். ஒரு மாதத்துக்கு அப்படியே விடுங்கள்.

அதிகாலை நாலு மணிக்கு எழும்பி நடக்கப்போகிற யோசனைக்கு நான் எதிரி. பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழும்புகிற ஒருவர் நாலு மணிக்கு அலாரத்தை மாற்றினால், ஒரு பக்கத்துக் கடனை எடுத்து மறுபக்கத்தில் தானம் செய்கிறார். மாலைக்குள் பிள்ளையில் எரிந்து விழுவார்.

எங்கள் மண்ணின் கிணறுகளைப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கிற நல்ல தண்ணியை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறிவிடும். பிறகு இறைப்பை நிறுத்தினாலும் நல்ல தண்ணி உடனே திரும்பாது. உடம்பும் அப்படித்தான், ஊற விட்டுத்தான் இறைக்க வேண்டும்.

இரண்டு சின்னத் திருத்தம் உடனே செய்யலாம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். அதிலுள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணித்தியாலம் எடுக்கும். ஆறரைக்குக் குடிக்கிற பிளேன்ரீ பதினொன்றரைக்கும் உள்ளே பாதி வேலை செய்துகொண்டிருக்கும். வாய் சூடாக ஏதாவது கேட்டால் கொத்தமல்லித் தண்ணி.

மத்தியானத் தூக்கம் 20 நிமிடத்தோடு நிற்கட்டும், அதுவும் மூன்று மணிக்கு முன்னர். வெயிலுக்குக் கதவைச் சாத்திவிட்டு ஒன்றரை மணித்தியாலம் படுக்கிறவர்கள்தான் பிறகு "ராவிலை நித்திரை வாறேல்லை" என்கிறார்கள்.

5. இரண்டு "ஞா" வேலைகளை முழுதாகக் கைமாற்றுங்கள்

"முழுதாக" என்பதுதான் இந்தப் படியின் உயிர்.

"தம்பி, டாங்க் நிரம்பிட்டுதா எண்டு பார்" என்று நீங்கள் சொல்ல அவன் போய்ப் பார்த்தால், வேலை அவனுடையது இல்லை. ஞாபகம் இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. மோட்டார் போடுவது, நிரம்பியதைப் பார்ப்பது, நிற்பாட்டுவது, தண்ணி முடிந்தால் பதில் சொல்வது எல்லாம் ஒரே ஆளுக்குப் போக வேண்டும். ஒரு நாள் குளிக்கும்போது தண்ணி நின்றால் எல்லாரும் அவனைத்தான் கூப்பிட வேண்டும். அப்படி ஒரு நாள் நடக்கும். நடக்க விடுங்கள். நீங்கள் ஓடிப்போய் மோட்டார் போட்டால் அந்த வேலை அன்றே உங்களிடம் திரும்பிவிடும்.

எந்த வேலையை யாருக்கு? பத்து வயதுப் பிள்ளை தன் தண்ணிப் போத்தல், சப்பாத்து, அடுத்த நாள் பாடப் புத்தகம் மூன்றையும் இரவே வாசலடியில் வைக்கலாம். பதின்மூன்று வயது றைஸ் குக்கரில் அரிசி போடும். தானே அலாரம் வைத்து எழும்புவதும் அந்த வயது வேலைதான். மூன்று நாள் பிந்திப்போய் வகுப்பாசிரியரிடம் பேச்சு வாங்கினால் நாலாம் நாள் எழும்புவான். கணவருக்கு ஒரு நாளில் ஒரு முழுப் பயணத்தைக் கொடுங்கள்: ரியூசன் கொண்டுபோய் விடுவது அல்லது கூட்டி வருவது. "நேரம் கிடைச்சா கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லாதீர்கள். "செவ்வாயும் வியாழனும் உங்கடை முறை" என்று சொல்லுங்கள்.

இருந்த இடத்தில் செய்யக்கூடிய கைவேலைகளை இரவு ரீவிக்கு முன்னால் போடுங்கள். முருங்கையிலை உருவுவது, சின்ன வெங்காயம் உரிப்பது, பயற்றங்காய் முறிப்பது. இவை தனி ஆளைத் தின்கிற வேலைகள். நாலு பேர் நாடகம் பார்த்துக்கொண்டே செய்தால் விளம்பரத்துக்குள் முடியும். மாமிக்கு இந்த வேலைகள் பிடிக்கும். கை சும்மா இருந்தால்தான் அவர்களுக்கு அந்தரம்.

காசு கொடுத்துக் கைமாற்றக்கூடியவையும் உண்டு. மீனைச் சந்தையிலேயே வெட்டித் துப்பரவாக்கி வாங்கலாம். மா வறுத்து அரித்து விற்கிறார்கள். ஒழுங்கைக்குள் இடியப்பம் அவித்துக் கொடுக்கிற வீடு இல்லாத ஊர் இல்லை. கிழமைக்கு இரண்டு இரவு அங்கே எடுத்தால் உங்களுக்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சும், அந்தப் பெண்ணின் அடுப்பும் எரியும். "கடை இடியப்பம் குடுக்கிறாள்" என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்கிறவர் வந்து பிழிந்து தரப்போவதில்லை.

இங்கே பெரும்பாலானோர் விடுகிற பிழை, கைமாற்றிய வேலையைப் பின்னாலே போய்த் திருத்துவது. மகன் கூட்டிய முற்றத்தை நீங்கள் திரும்பக் கூட்டினால் அவன் அடுத்த நாள் ஈர்க்குமாற்றைத் தொடமாட்டான். வேப்பஞ் சருகு இரண்டு கிடந்தால் கிடக்கட்டும்.

6. நேரத்தை மணிக்கூட்டோடு கட்டாதீர்கள், ஒரு நிகழ்வோடு கட்டுங்கள்

"பின்னேரம் ஐந்து மணி எனக்கு" என்று வைத்தால் ஒரு விருந்தாளி வந்தால் போதும், அது போய்விடும். "மகளை ரியூசனில் இறக்கினவுடன்" என்று வைத்தால் அப்படிப் போகாது. அந்த நிகழ்வு எப்படியும் நடக்கும், நடந்தவுடன் உங்கள் நேரம் தொடங்கும்.

எங்கள் நாளில் இப்படிப்பட்ட நிகழ்வுகள் சில உண்டு. பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்குவதால், வீட்டில் இருப்பவர்களுக்குப் பிள்ளைகள் வெளிக்கிட்டவுடன் ஒரு இடைவெளி. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டு, சாப்பாடு முடிந்து, ரியூசன் தொடங்கும் வரை ஒன்று. கந்தோருக்குப் போகிறவர்களுக்கு வேலை விட்டு வீட்டு வாசலுக்குள் வருமுன்னர் ஒன்று. வாசல் தாண்டினால் கிடைக்காது. இரவுச் சாப்பாட்டுக் கோப்பை கழுவி முடித்தவுடன் ஒன்று.

பிள்ளைகள் வெளிக்கிட்டபின் உள்ள இடைவெளியில் ஒரு ஆபத்து இருக்கிறது. வீடு கலைந்து கிடக்கும், "இதை ஒருக்கால் அடுக்கிப்போட்டு" என்று தொடங்கினால் பத்து மணி. அடுக்குவதற்கு முன்னரே உங்கள் நேரத்தை எடுங்கள். அடுக்கவேண்டியது எங்கும் ஓடிப்போகாது.

எவ்வளவு நேரம்? 15 நிமிடத்தோடு தொடங்குங்கள். மூன்று கிழமை நிலைத்து நின்றபின் 30 ஆக்குங்கள். எடுத்தவுடன் ஒரு மணித்தியாலம் கேட்டவர்களுக்கு வீடு ஒரு கிழமைக்கு மேல் கொடுத்ததை நான் காணவில்லை.

காலநிலையையும் கணக்கில் எடுங்கள். சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்குப் பிறகு வெளியே கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை எப்போது கொட்டும் என்று தெரியாது. தை மாதத்தில் விடிய ஆறு மணிக்கும் இருட்டுத்தான். ஆகவே வெளியே செய்வது ஒன்று, விறாந்தையில் செய்வது ஒன்று என்று இரண்டும் ஆயத்தமாக இருக்க வேண்டும். மழை வந்தால் இடம் மாறும், நேரம் மாறாது.

மேலே சொன்ன ஆசிரியை தன்னுடைய நேரத்தை ரியூசன் வாசலில்தான் கண்டெடுத்தார். முன்னர் ஸ்கூட்டியில் இருந்தபடி, ஹெல்மெட்டும் கழற்றாமல், போனைத் தடவிக்கொண்டிருப்பார். இப்போது ஸ்கூட்டிச் சீற்றுக்குக் கீழே ஒரு சோடி சப்பாத்து கிடக்கிறது. கொஞ்சம் முன்னதாகவே போய், பக்கத்துக் கோயில் வெளிவீதியைச் சுற்றி நடக்கிறார். வாத்தியார் பிந்தி விட்டால் அவருக்கு இப்போது சந்தோசம்.

7. வீட்டாருக்கு அறிவியுங்கள், அனுமதி கேட்காதீர்கள்

"நான் கொஞ்சம் நடக்கப் போகட்டோ?" என்று கேட்டால் பதில் ஒவ்வொரு நாளும் மாறும். ஒருநாள் "போ", ஒருநாள் "இப்பவோ?". ஒரே தரம், எல்லாரும் சாப்பிட்டு ஆறுதலாக இருக்கிற நேரத்தில், முழு ஒழுங்கையும் சொல்லிவிடுங்கள். அதில் மூன்று விசயம் இருக்க வேண்டும்: எப்போது போவேன், எப்போது வருவேன், நான் இல்லாத நேரத்தில் என்ன ஆயத்தமாக இருக்கும்.

கொக்குவிலில் ஒரு மருமகள் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது:

"மாமி, திங்களிலையிருந்து பின்னேரம் பிள்ளையை ரியூசனில விட்டிட்டு நான் நேர வரமாட்டன். அரை மணித்தியாலம் நடந்திட்டுத்தான் வருவன். தேத்தண்ணி போட்டு பிளாஸ்கில வைச்சிட்டுப் போறன், உங்கடை குளிசை அதுக்குப் பக்கத்தில இருக்கும். ஆரும் வந்தா, 'அஞ்சே காலுக்கு வந்திடுவாள், இருங்கோ' எண்டு சொல்லுங்கோ."

"இவ்வளவு நாளும் நடக்காமலோ இருந்தனீ?"

"நடந்தனான் மாமி, குசினிக்கும் கிணத்தடிக்கும். டொக்டர் அதைக் கணக்கில எடுக்கிறாரில்லை."

மாமி சிரித்துவிட்டார். எல்லா மாமியும் சிரிக்கமாட்டார்கள். ஆனாலும் அந்தப் பேச்சில் பிளாஸ்க் இருக்கிறது, குளிசை இருக்கிறது, வருகிறவருக்குச் சொல்லவேண்டிய பதில் இருக்கிறது. மாமிக்கு இருந்த பயம் மருமகள் நடப்பதைப் பற்றியதில்லை. ஆரும் வந்தால் தான் என்ன சொல்வது என்பதுதான். அதற்குப் பதில் கையில் கொடுத்தால் பாதி எதிர்ப்பு அடங்கும்.

ஆண்களுக்கு ஒரு சொல். கந்தோர் நாலேகாலுக்கு முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வருகிறவர் அந்த நேரத்துக்கு ஒழுங்கு கேட்பதில்லை, எடுத்துக்கொள்கிறார். சந்தியில் நின்று கதைப்பதும் கரம் விளையாடுவதும் அவருக்கு வேண்டிய ஆறுதல்தான், பிழை சொல்லமாட்டேன். ஆனால் மனைவியின் அரை மணித்தியாலமும் அவருடையது போல எழுதாத சட்டமாக வேண்டும் என்றால், முதல் மாதம் அவர்தான் வீட்டில் நின்று அதைக் காக்க வேண்டும்.

8. வெளிநாட்டுப் போன்களுக்கு ஒரு நேரம்

இதற்குத் தனிப்படி ஏன் என்று வேறு ஊர்க்காரர் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். அண்ணன் ரொறன்ரோவில், அக்கா லண்டனில், சித்தப்பா சுவிஸில். ஒவ்வொருவரும் தங்களுடைய ஓய்வு நேரத்தில் எடுக்கிறார்கள், அது உங்களுடைய ஓய்வு நேரமோ நித்திரை நேரமோதான்.

கணக்கைப் பாருங்கள். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். அங்கே வேலை விட்டு வந்து இரவு ஏழு மணிக்கு எடுத்தால் எங்களுக்கு அடுத்த நாள் விடிய நாலரை. லண்டன் நாலரை மணித்தியாலம் பின்னால். அங்கே இரவு ஏழு, இங்கே பதினொன்றரை. சுவிஸ் மூன்றரை, அங்கே ஏழு, இங்கே பத்தரை. குளிர்காலத்தில் மூன்று இடத்திலும் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவதால் எல்லாவற்றோடும் இன்னொரு மணித்தியாலம் கூட்டுங்கள். எங்கள் மணிக்கூடு மாறுவதில்லை. ஒக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் பலருடைய ஒழுங்கு காரணம் தெரியாமல் குழம்புவது இதனால்தான்.

செய்யவேண்டியது: ஆளுக்கு ஒரு நேரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டரை மணியென்றால், கோடையில் லண்டனில் காலை பத்து, சுவிஸில் பதினொன்று. இரண்டு பேருக்கும் சரிவரும். ரொறன்ரோவுக்கு ஞாயிறு பின்னேரம் ஆறரை. அங்கே காலை ஒன்பது. "அண்ணா, ஞாயிறு ஆறரைக்கு நான் சும்மா இருப்பன், வடிவாக் கதைக்கலாம். இடையில எடுத்தா அரைகுறையாத்தான் கதைப்பன்" என்று சொல்லுங்கள். எடுக்காதே என்று சொன்னால் மனம் நோகும்; வடிவாகக் கதைக்கலாம் என்றால் நோகாது.

அவசரத்துக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள்: அடுத்தடுத்து இரண்டு தரம் அடித்தால் எந்த நேரமும் எடுப்பேன். இது இல்லாவிட்டால் போனை மற்ற அறையில் வைத்துவிட்டு உங்களால் ஆறுதலாக இருக்க முடியாது. காது அங்கேதான் இருக்கும்.

9. அந்த நேரத்தில் என்ன செய்வது

இப்போதுதான் இந்தக் கேள்வி. விடையும் சுலபம்: முடித்து எழும்பும்போது வந்ததைவிட இலேசாக இருந்தால் சரியான வேலை, பாரமாக இருந்தால் பிழையான வேலை.

நடை பெரும்பாலானோருக்குச் சரிவரும். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி சொல்கிறது. ஐந்து நாள், 30 நிமிடம் என்றால் கணக்குச் சரி. பத்து பத்து நிமிடமாக உடைத்தாலும் குறைவில்லை. பட்டினத்தில் ஆரியகுளத்தடி, பண்ணை, பழைய பூங்கா இருக்கின்றன. ஊரில் கோயில் வெளிவீதியோ பள்ளிக்கூட மைதானமோ. விடியப்புறம் ஒழுங்கைகளில் தனியே போகாதீர்கள். நாய்கள் கூட்டமாகக் கிடக்கும் நேரம் அது. ஒரு துணை இருந்தால் நாய்க்கும் நல்லது, போகாமல் விடுவதற்குச் சாட்டுச் சொல்லவும் முடியாது.

நடக்கப் பிடிக்காவிட்டால் நடக்க வேண்டாம். சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, ஊறவிட்டு, அவசரமில்லாமல் தோயலாம். நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து வந்து விறாந்தைக் கதிரையில் வாசிக்கலாம். பழைய சங்கீதக் கொப்பியை எடுத்துப் பாடிப் பார்க்கலாம். மல்லிகைப் பந்தலடியில் சும்மா இருக்கலாம். சும்மா இருப்பதற்குத்தான் அதிகம் பழக வேண்டியிருக்கிறது. கை தன்பாட்டில் எதையாவது மடிக்கத் தொடங்கும்.

கோயில்? உங்கள் மன ஆறுதலுக்குப் போய் ஒரு மூலையில் இருந்து கும்பிட்டு வந்தால் அது உங்கள் நேரம். மாலை கட்டி, மடப்பள்ளிக்கு மரக்கறி நறுக்கி, நாலு பேரின் விசாரிப்புக்குப் பதில் சொல்லி வந்தால் அது தொண்டு. நல்லது, ஆனால் இந்தக் கணக்கில் சேராது.

போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதை நான் இதில் சேர்ப்பதில்லை. அரை மணித்தியாலம் பார்த்து எழும்பும்போது என்ன பார்த்தோம் என்று தெரியாது, கண் மட்டும் எரியும்.

10. உடம்புப் பரிசோதனையும் இதற்குள் அடக்கம்

பிள்ளைக்குத் தடுப்பூசித் திகதி தெரிகிற தாய்க்குத் தன் இரத்த அழுத்தம் தெரியாது. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் காண்கிறேன். ஆகவே எடுத்த நேரத்தில் ஒரு காலையை, வருடத்தில் ஒரு தரமாவது, இதற்குக் கொடுங்கள்.

35 வயது தாண்டினவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் இயங்குகிற ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் அழுத்தம், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். பெண்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்துகிற சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை அங்கே செய்வார்கள். உங்கள் பகுதிக் கிளினிக் நாள் எது என்று குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள், அவருக்கு உங்கள் வீடு தெரியும். சீனி பார்ப்பதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டியிருக்கும். அதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்த் திரும்பி வந்த ஆட்கள் பிறகு போகவேயில்லை.

நித்திரையும் கிடைத்து, நேரமும் கிடைத்து, அப்படியும் களைப்பு விடவில்லை என்றால் வைத்தியரிடம் போங்கள். இரத்தச் சோகை, தைரொயிட் குறைபாடு இரண்டும் இப்படித்தான் இருக்கும். இரண்டு கிழமைக்கு மேல் ஒன்றிலும் மனம் ஒட்டாமல், அழுகை வந்துகொண்டு, சாப்பாடு இறங்காமல் இருந்தால் அதையும் அப்படியே வைத்தியருக்குச் சொல்லுங்கள். வெளியே போய்ச் சொல்ல முடியாத நிலைமை என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். அன்றைக்கே பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கு நடையும் எண்ணெய் முழுக்கும் மருந்தில்லை.

11. ஒழுங்கு குழம்புகிற நாட்கள்

குழம்பும். சொந்தத்தில் ஒரு செத்தவீடு என்றால் எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று ஒரு மாதம் போய்விடும். மாமியை ஆஸ்பத்திரியில் மறித்தால் எல்லா ஒழுங்கும் விறாந்தையில் கிடக்கும். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து நிற்கிற ஆடி, ஆவணி மாதங்களைச் சொல்லவே தேவையில்லை.

அந்த நாட்களுக்கென்று ஒரு சிறிய அளவை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். ஐந்து நிமிடம் காணும். கிணத்தடியில் முகம் கழுவி, கல்லில் இருந்து, எழும்பி வருவது. அளவு சிறுத்தாலும் அந்த நிகழ்வோடு கட்டியிருக்க வேண்டும். ரியூசனில் விட்டவுடன் என்றால், ரியூசனில் விட்டவுடனேயே அந்த ஐந்து நிமிடம். அப்போதுதான் வந்தவர்கள் போனபின் பழைய இடத்திலிருந்து தொடரலாம்.

விட்டுப்போன நாட்களுக்கு ஈடு செய்யப் பார்க்காதீர்கள். மூன்று நாள் தவறியது என்று நாலாம் நாள் ஒன்றரை மணித்தியாலம் நடந்தால் முழங்கால் வீங்கும், அன்றைய இரவுச் சாப்பாடும் பிந்தும், வீட்டில் பேச்சும் வரும்.

பிள்ளையின் ரியூசன் நேரசூசி மாறினால் நீங்கள் கட்டி வைத்த நிகழ்வே இல்லாமல் போகும். புதுத் தவணை தொடங்கும்போது இது நடக்கும். அப்போது பழைய நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். கொப்பியை எடுத்து, இரண்டாம் படிக்குத் திரும்பி, ஒரு வேலைநாள், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு புதிதாகப் பதிந்து, எங்கே "கா" விழுகிறது என்று பாருங்கள்.